சின்ன யூனிட்டுக்கு எந்த வக்கீல்? திருப்பூர் ஜாப் ஒர்க் தொழிலை வைத்து ஓர் ஒப்பீடு

திருப்பூரில் பிரிண்டிங், எம்ப்ராய்டரி, காம்பாக்டிங், பவர் டேபிள் என்று ஜாப் ஒர்க் (பிறர் கொடுக்கும் துணியில் கூலிக்கு வேலை) எடுத்துச் செய்யும் யூனிட்டுகளுக்குக் கணக்கு எழுதுவது என் வேலை. அவர்களுடைய பில், டி.சி. (சரக்கோடு போகும் டெலிவரி சலான்), செக், டெபிட் நோட் எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகும். அதனால் "நல்ல வக்கீல் யாராச்சும் தெரியுமாங்க?" என்ற கேள்வியும் என்னிடம் வந்துகொண்டே இருக்கிறது. கேட்பவர் கையில் பெரும்பாலும் ரிட்டர்ன் ஆன செக் ஒன்று இருக்கும். அல்லது "பீஸ் டேமேஜ்" என்று காரணம் போட்டு பில்லில் பாதியைக் கழித்த டெபிட் நோட் இருக்கும்.

ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் பத்து மெஷின் வைத்திருப்பவருக்குப் பெயரைவிட, எந்த மாதிரி ஆளிடம் எந்த வேலையைக் கொடுப்பது என்பதுதான் தெரிய வேண்டும். அவர் முன்னால் இருக்கும் வழிகள் ஐந்து: ஆடிட்டரையே கேட்பது, இணையத்தில் பேக்கேஜ் வாங்குவது, யூனிட்டுக்காரர்கள் சங்கத்து வக்கீலிடம் போவது, கோவை அல்லது சென்னையில் பெரிய அலுவலகத்தைப் பிடிப்பது, உள்ளூர் கோர்ட்டில் பிராக்டிஸ் செய்யும் ஒரு வக்கீலை நிரந்தரமாக வைத்துக்கொள்வது. நான் எல்லாரையும் ஒரே அளவுகோலில்தான் பார்க்கிறேன். பணம் முடங்குவதற்கு முன்பே நம்முடைய காகிதத்தை எடுத்துப் படிப்பவர் யார்?

ஆடிட்டர்

எல்லாரும் முதலில் போகும் இடம் இதுதான். ஜி.எஸ்.டி. விஷயத்தில் அது சரியான இடமும்கூட. ஜி.எஸ்.டி. அதிகாரி முன் ஆஜராக வக்கீல்தான் வேண்டும் என்பதில்லை. சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட், காஸ்ட் அக்கவுன்டன்ட், கம்பெனி செக்ரட்டரி, ஜி.எஸ்.டி. பிராக்டிஷனர் எல்லாருக்கும் சட்டம் அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது. ஷோ காஸ் நோட்டீஸ் வந்தால், உங்கள் ரிட்டர்னை மாதாமாதம் போட்டவருக்குத்தான் எந்த எண் எங்கே இடிக்கிறது என்று தெரியும். உத்தரவு பாதகமாக வந்தால் மேல்முறையீட்டுக்கு 3 மாதம் அவகாசம். தகராறில் உள்ள வரியில் 10 சதவீதம் முன்பணம் கட்ட வேண்டும். போர்ட்டலில் ஏற்றப்பட்ட உத்தரவை யாரும் பார்க்காமல் அந்த 3 மாதம் ஓடிவிடுவதுதான் பெரிய ஆபத்து. அதைத் தடுக்கக்கூடியவரும் ஆடிட்டர்தான். விஷயம் ஹைகோர்ட்டில் ரிட் மனு வரை போனால் மட்டும் வக்கீல் வேண்டும்.

சிக்கல், அதைத் தாண்டிய வேலைகளையும் அங்கேயே முடித்துக்கொள்வதில் இருக்கிறது. பார்ட்னர்ஷிப் டீடை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஃபைலில் இருக்கும் டீடில் பெயரையும் பங்கையும் மாற்றி, ஸ்டாம்ப் பேப்பரில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். லாபம் எத்தனை சதவீதம், பேங்க் கணக்கில் யார் கையெழுத்து என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒரு பார்ட்னர் விலகினால் மெஷின் யாருக்கு, அந்த மெஷின்மேல் உள்ள லோனை யார் கட்டுவது, அவர் வெளியே போய் அதே பார்ட்டிகளிடம் ஆர்டர் எடுக்கலாமா என்பது ஒன்றும் இருக்காது. மச்சானும் மாப்பிள்ளையும் சேர்ந்து ஆரம்பித்த யூனிட் பிரியும்போது சண்டை வருவது இந்த எழுதாத மூன்று வரிகளில்தான். ஆடிட்டரைக் குறை சொல்வதற்கில்லை. அவரிடம் நாம் கேட்டது ரிஜிஸ்ட்ரேஷனுக்கு ஒரு டீட், அதை அவர் கொடுத்தார்.

இணையத்தில் கிடைப்பது

டிரேட்மார்க் போடுவதற்கு இணைய சேவைகள் போதும் என்பது என் கருத்து. பதிவு பெற்ற டிரேட்மார்க் ஏஜென்ட் செய்யக்கூடிய வேலை அது. ஆன்லைனில் போட்டால் அரசுக் கட்டணம் தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஒரு வகைக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. உத்யம் சான்றிதழ் (குறு, சிறு தொழிலுக்கான அரசுப் பதிவு) இருக்கும்போது 9,000 கட்டணம் காட்டினால் ஏன் என்று கேளுங்கள். அப்ஜெக்ஷன் வந்தால் யார் பதில் எழுதுவார், அதற்குத் தனிப் பணமா என்பதையும் பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

வக்கீல்களைப் பட்டியல் போட்டு, நட்சத்திரம் கொடுத்து, போன் நம்பர் தரும் தளங்களை நம்பி முடிவெடுக்க வேண்டாம். பார் கவுன்சில் விதி 36-ன்படி வக்கீல் விளம்பரம் செய்து கட்சிக்காரரைத் தேடக் கூடாது. இப்படிப்பட்ட தளங்கள் வழியாக வேலை பிடிக்கும் வக்கீல்கள்மீது நடவடிக்கை எடுக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் இந்திய பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அங்கே முதலில் வரும் பெயர் நல்ல வக்கீலின் பெயராக இருக்கலாம். ஆனால் முதலில் வந்ததே அதற்குச் சான்றாகாது.

செக் ரிட்டர்ன் நோட்டீஸை மலிவாக அடித்து அனுப்பித் தருகிறோம் என்று வரும் சேவையைத்தான் நான் கடுமையாக எதிர்க்கிறேன். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பேங்க் ரிட்டர்ன் மெமோ உங்கள் கைக்கு மார்ச் 4-ம் தேதி வருகிறது என்று வையுங்கள். அதிலிருந்து 30 நாளுக்குள், அதாவது ஏப்ரல் 3-க்குள், செக் கொடுத்தவருக்கு எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும். அவருக்கு நோட்டீஸ் ஏப்ரல் 4 அன்று கிடைத்தால், பணம் கட்ட 15 நாள்: ஏப்ரல் 19. கட்டாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் தாக்கல் ஆக வேண்டும். மே 19-ஐத் தாண்ட விடாதீர்கள். புகார் தாமதமானால் தகுந்த காரணம் காட்டி மன்னிப்புக் கேட்க வழி உண்டு. நோட்டீஸ் தாமதமானால் அந்த வழியும் கிடையாது. "அடுத்த வாரம் தந்துடறேங்க" என்ற பேச்சை நம்பி ஐந்து வாரம் காத்திருப்பவர், செக்கை மறுபடி போட அதன் 3 மாத ஆயுளும் முடிந்திருந்தால், செக் ரிட்டர்னுக்கான 138-வது பிரிவு வழக்கை இழந்துவிடுகிறார். பிறகு மிச்சம் இருப்பது பண வசூல் வழக்குத்தான்.

நோட்டீஸில் எழுதும் தொகையும் செக்கில் உள்ள தொகையாகவே இருக்க வேண்டும். எழுத்துப் பிழையால் தொகை மாறியிருந்தாலும் நோட்டீஸ் செல்லாது என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. கம்பெனி செக் என்றால் கம்பெனியையும் எதிரியாகச் சேர்க்க வேண்டும், டைரக்டரை மட்டும் சேர்த்தால் வழக்கு நிற்காது என்பது 2012 முதலே உச்ச நீதிமன்றத்தின் நிலை. நோட்டீஸ் அடிப்பவர் ஒருவர், வழக்குப் போடுபவர் இன்னொருவர் என்றால், முதலாமவர் செய்த பிழை இரண்டாமவர் கைக்கு வரும்போது திருத்த நாள் இருக்காது. வழக்கை நடத்தப் போகிறவர்தான் நோட்டீஸையும் எழுத வேண்டும்.

சங்கத்து வக்கீலும் பெரிய அலுவலகமும்

இந்த இரண்டையும் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். சங்கத்து வக்கீலுக்குத் தொழில் தெரியும். பீஸ் ரேட் என்றால் என்ன, வாஷிங்கில் கலர் போனால் யார் பொறுப்பு என்றெல்லாம் அவருக்கு விளக்க வேண்டியதில்லை. கூலி, பி.எஃப்., மாசுக் கட்டுப்பாடு போல எல்லா யூனிட்டுக்கும் பொதுவாக வரும் பிரச்சினைக்கு அவரே பொருத்தம். ஆனால் உங்களுக்குப் பணம் தர வேண்டியவரும் அதே சங்கத்தில் இருக்கலாம். அப்போது அவர் யார் பக்கம் நிற்பார்? பேசித் தீர்த்து வைக்கப் போகலாம். வழக்கைக் கொடுப்பதற்கு வேறு ஆள் பாருங்கள்.

பெரிய அலுவலகத்தின் தேவை அபூர்வமாக வரும். வெளிநாட்டு பையரோடு (சரக்கு வாங்குபவரோடு) நேரடியாக ஒப்பந்தம் போடுகிறீர்கள், கம்பெனியில் வெளியார் பங்கு எடுக்க வருகிறார், ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்கு வெளியே நடுவர் விசாரணை) டெல்லியிலோ மும்பையிலோ நடக்கிறது: இதற்கெல்லாம் போகலாம். அன்றாட வேலைக்கு அங்கே போனால், நீங்கள் பார்த்துப் பேசிய பெரியவர் ஒருவர், உங்கள் ஃபைலைத் தொடுகிறவர் வேறொருவர் என்று ஆகிவிடும். சென்னையில் ரிட் போடும் நாள் வந்தால், உள்ளூர் வக்கீலே தனக்குத் தெரிந்த ஹைகோர்ட் வக்கீலிடம் ஃபைலை ஒழுங்குபடுத்தி அனுப்புவதுதான் செலவும் குறைவு, வேலையும் சுத்தம்.

உள்ளூர் வக்கீல்: என் ஓட்டு இங்கேதான்

ஜாப் ஒர்க் செய்பவருக்குச் சட்டமே உள்ளூர்ப் பக்கம் சாய்ந்திருக்கிறது. செக் கொடுத்தவர் லூதியானாவில் இருந்தாலும், நீங்கள் செக்கைப் போட்ட கணக்கு எந்தக் கிளையில் இருக்கிறதோ அந்த எல்லைக்கு உட்பட்ட கோர்ட்டில் வழக்குப் போடலாம். 2015-ல் வந்த திருத்தம் இது. குறு, சிறு தொழில்களுக்கான தாமதப் பணம் வசூல் கவுன்சிலும் அப்படியே. பணம் தர வேண்டியவர் நாட்டின் எந்த மூலையில் இருந்தாலும், பொருளோ சேவையோ கொடுத்தவரின் ஊரை வைத்துத்தான் அதிகார எல்லை. தமிழ்நாட்டில் சென்னை, திருச்சி, மதுரை, கோவை போன்ற இடங்களில் அந்தக் கவுன்சில் இருக்கிறது.

இந்தக் கவுன்சிலைப் பற்றி எங்கள் ஊரிலேயே பாதிப் பேருக்குச் சரியாகத் தெரியவில்லை என்பது எனக்கு நிஜமாகவே வருத்தம். 2006-ம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி, எழுத்தில் என்ன ஒப்புக்கொண்டிருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தக் கூடாது. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள்தான். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல 3 மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. கவுன்சில் உத்தரவை எதிர்த்து கோர்ட்டுக்குப் போக நினைக்கும் பையர் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். இதற்கென உள்ள அரசு போர்ட்டலில் மனுப் போட வக்கீல்கூடக் கட்டாயமில்லை. பி.ஓ.-வில் (பர்ச்சேஸ் ஆர்டரில்) ஆர்பிட்ரேஷன் ஷரத்து இருந்தாலும் கவுன்சிலுக்குப் போகும் உரிமை போய்விடாது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒன்றில் கவனம் வேண்டும்: உத்யம் பதிவு வேலை எடுப்பதற்கு முன்பே இருப்பதுதான் பாதுகாப்பு. பணம் முடங்கிய பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்தால் அந்த ஒரு காரணத்தை வைத்தே எதிர்த்தரப்பு இழுக்கும்.

வக்கீலைச் சோதிக்க நான் சொல்லும் முதல் கேள்வி இதிலிருந்துதான் வருகிறது. "எங்க பில்லுக்கு 45 நாள் சட்டம் பொருந்துமாங்க சார்?" என்று கேளுங்கள். "உத்யம் எந்தத் தேதியில் எடுத்தீங்க, நீங்க ஜாப் ஒர்க்கா, வாங்கி விக்கிறீங்களா?" என்று அவர் திருப்பிக் கேட்டால் விஷயம் தெரிந்தவர். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு உத்யம் பதிவு கிடைத்தாலும் அது வங்கிக் கடனுக்கு மட்டும்தான் உதவும் என்பதால் அந்தக் கேள்வி வந்தே ஆக வேண்டும். "அதெல்லாம் வேண்டாங்க, நேரா கேஸ் போட்டுரலாம்" என்று முடித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டாவது கேள்வி: "பாக்கி 3 லட்சத்துக்கு மேல, எங்கே கேஸ் போடறது?" 2018 திருத்தத்துக்குப் பிறகு 3 லட்சமும் அதற்கு மேலும் உள்ள வணிகத் தகராறுகள் வணிக நீதிமன்றச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அவசரத் தடை உத்தரவு கேட்காத வழக்கு என்றால், தாக்கல் செய்வதற்கு முன் சமரசத்துக்குப் போயே ஆக வேண்டும். போகாமல் போட்டால் வழக்கு நிராகரிக்கப்படும் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் தெளிவாக்கியது. விவாகரத்தும் நிலத் தகராறும் மட்டும் நடத்துபவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், இந்தப் படியை மறந்துவிட வாய்ப்பு அதிகம்.

யார் எந்த வழக்கு நடத்துகிறார் என்பதை வாய்வார்த்தையை நம்பாமலே பார்க்க முடியும். இ-கோர்ட்ஸ் தளத்தில் மாவட்டத்தையும் கோர்ட் வளாகத்தையும் தேர்ந்தெடுத்தால், வக்கீல் பெயரை வைத்தோ பார் கவுன்சில் பதிவு எண்ணை வைத்தோ தேடலாம். ஒரே பெயரில் பல பேர் இருப்பார்கள். பெயரின் எழுத்துக்கூட்டும் ஒவ்வொரு வழக்கில் ஒவ்வொரு மாதிரி பதிவாகியிருக்கும். அதனால் எண்ணை வைத்துத் தேடுவது நல்லது. வரும் பட்டியலில் எஸ்.டி.சி. என்று தொடங்குபவை சுருக்க விசாரணை வழக்குகள், செக் கேஸ் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். ஓ.எஸ். என்றால் சிவில் வழக்கு, எம்.சி.ஓ.பி. என்றால் வாகன விபத்து, எச்.எம்.ஓ.பி. என்றால் திருமண வழக்கு. பட்டியல் முழுக்க எம்.சி.ஓ.பி. என்றால் அவர் விபத்து வழக்கில் கெட்டிக்காரர், நமக்கான ஆள் இல்லை. பிறகு இரண்டு மூன்று செக் கேஸ்களைத் திறந்து வாய்தா வரலாற்றைப் பாருங்கள். புகார்தாரர் தரப்பிலேயே திரும்பத் திரும்பத் தள்ளிப்போயிருந்தால், உங்கள் வழக்கும் அப்படித்தான் போகும்.

ஊரில் பெயர் பெற்ற சீனியரா, சொந்தமாகப் பிராக்டிஸ் தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஆனவரா? சீனியர் வீட்டு வாசலில் காலையில் இருபது பேர் நிற்பார்கள். அவர் வாதம் செய்தால் கோர்ட் கேட்கும், அது உண்மை. ஆனால் உங்கள் பி.ஓ.-வின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் ஷரத்தை அவர் படிக்கப் போவதில்லை. "தகராறு டெல்லி நீதிமன்றத்துக்கு மட்டுமே உட்பட்டது", "தரம் குறித்து பையரின் முடிவே இறுதியானது", "பணம் 120 நாளில்" என்ற மூன்று வரிகள்தான் ஜாப் ஒர்க் யூனிட்டுகளின் கழுத்தைப் பிடிக்கின்றன. அதைக் கையெழுத்துக்கு முன் படித்து, "தரத்தில் குறை இருந்தா, சரக்கு எடுத்த 15 நாளுக்குள்ள எழுத்தில் சொல்லணும்னு ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்க" என்று சொல்பவரே நமக்கு வேண்டியவர். அந்த ஒரு வரி இருந்தால், நாலு மாதம் கழித்து வரும் டெபிட் நோட்டுக்குப் பதில் உங்கள் கையில் இருக்கும். பத்துப் பன்னிரண்டு ஆண்டு அனுபவம் உள்ளவருக்கு இதைச் செய்ய நேரமும் இருக்கிறது, அக்கறையும் இருக்கிறது. வாதத்துக்கு சீனியர் தேவைப்படும் நாளில் அவரே அழைத்து வருவார்.

சின்ன ஊரில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கதையைச் சொல்லத் தொடங்கும் முன் எதிர்த்தரப்பின் பெயரை மட்டும் சொல்லி, "இவங்களுக்கு நீங்க கேஸ் பார்க்கறீங்களா?" என்று கேட்டுவிடுங்கள். பெரிய எக்ஸ்போர்ட்டர்களுக்கு வேலை செய்யாத வக்கீல் இங்கே குறைவு. நேர்மையானவர் உடனே சொல்லிவிடுவார்.

ஃபீஸ் பேசும்போது

"ஜெயிச்சா வசூல்ல பத்து பர்சன்ட் குடுங்க" என்பவரிடம் வேண்டாம். தீர்ப்பின் பலனில் பங்கு கேட்பதை பார் கவுன்சில் விதிகளே தடை செய்கின்றன. விதியை முதல் நாளே மீறுபவர் உங்கள் பணத்திலும் கவனமாக இருக்க மாட்டார். நோட்டீஸுக்கு எவ்வளவு, தாக்கலுக்கு எவ்வளவு, சாட்சி விசாரணைக்கு எவ்வளவு என்று கட்டம் கட்டமாகப் பேசுவதுதான் சின்ன யூனிட்டுக்குத் தாங்கும். கோர்ட் ஃபீஸும் குமாஸ்தா செலவும் தனி என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் பண வழக்குக்கான கோர்ட் ஃபீஸ் 2017-ல் 7.5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்தது. பழைய கணக்கைச் சொல்லிப் பயமுறுத்துபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கணக்குக்காரன் என்ற முறையில் ஒன்று. ஜி.எஸ்.டி. பதிவு உள்ள யூனிட், பொதுவாக வக்கீல் ஃபீஸுக்கான 18 சதவீத வரியை ரிவர்ஸ் சார்ஜில் தானே கட்ட வேண்டும். வக்கீல் தன் பில்லில் அதைச் சேர்க்க மாட்டார். கட்டியதை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். இதற்கு பில் வேண்டும். அதனால் கையில் கொடுத்து கையில் வாங்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, பேங்க் வழியாகக் கொடுங்கள்.

மாதா மாதம் ஒரு சிறு தொகை கொடுத்து, பி.ஓ. படிப்பது, நோட்டீஸ் அனுப்புவது, போனில் கேட்பது எல்லாம் அதற்குள் என்று பேசிக்கொள்வது பத்து மெஷின் யூனிட்டுக்கும் கட்டுப்படியாகும். பக்கத்து இரண்டு மூன்று யூனிட்டுகள் சேர்ந்து ஒரே வக்கீலை இப்படி வைத்துக்கொள்வதையும் பார்க்கிறேன், நன்றாகவே நடக்கிறது. ஆனால் ஒருவருக்கொருவர் தகராறு வந்தால் அவர் இருவருக்குமே ஆஜராக மாட்டார் என்பதை முதலிலேயே பேசிவிட வேண்டும்.

சொந்தப் பெயரில் தொழில் நடத்தும் பெண்கள், செலவுக்குப் பயந்து பணத்தைக் கைவிட வேண்டியதில்லை. 1987-ம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வக்கீல் கேட்க உரிமை உண்டு. கோர்ட் வளாகத்திலேயே அதன் அலுவலகம் இருக்கும். தையல் யூனிட் வைத்திருக்கும் எத்தனையோ அக்காக்களுக்கு இதை யாருமே சொல்லவில்லை.

சரி, எடுத்த வக்கீல் ஒத்துவரவில்லை என்றால்? பல பேர் "ஃபைல் அவர்கிட்ட மாட்டிக்கிச்சு" என்று பயந்தே ஆண்டுக்கணக்கில் இழுபடுகிறார்கள். ஃபீஸ் பாக்கி இருக்கிறது என்ற காரணத்துக்காக வக்கீல் கட்சிக்காரரின் ஃபைலைப் பிடித்து வைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. முறைப்படி, கொடுக்க வேண்டிய பாக்கியைக் கணக்குப் பார்த்து முடித்து, வக்காலத்து மாற்ற அவருடைய சம்மதக் கையெழுத்தை வாங்குங்கள். மறுத்தால் புது வக்கீல் வழியாகக் கோர்ட்டின் அனுமதி கேட்கலாம். தவறான நடத்தை என்றால் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலுக்குப் புகார் எழுதலாம். எதற்கும் இருக்கட்டும் என்று, ஒரிஜினல் செக், ரிட்டர்ன் மெமோ, சீல் போட்ட டி.சி. மூன்றையும் கொடுக்கும் நாளிலேயே ஸ்கேன் எடுத்து வைத்துவிட்டு, "ஒரிஜினல் பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு வரி கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.